பேய் பேசும்போது பெண் பேசுகிறாளா: மேல்மலையனூர்ச் சடங்கும் பெண் விழைவின் நோயறிதலும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், முண்டியம்பாக்கத்தில், 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சி வழியாகச் செல்லும் சாலை மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி கோயிலுக்கு இட்டுச் செல்கிறது. அமாவாசை இரவின் ஊஞ்சல் விழாவிற்கு அங்கு மக்கள் திரள்வதும் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படுவதும் இம்மாவட்டத்தார் நன்கறிந்தவை. மணமாகிச் சில திங்களே ஆன பெண்ணொருத்தி சரியாக உண்ணாமலும் உறங்காமலும் கணவனை அணுகவிடாமலும் இருப்பாளாயின், அவளுடைய குடும்பத்தாருக்கு முன் இவ்விரு சாலைகளும் திறந்திருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிலும் செல்வோர் உண்டு. ஒருவழியில் அவளைப் பற்றியிருப்பது பேய் எனப்படுகிறது. மற்றொரு வழியில், மருத்துவக் கலைச்சொல் அன்றாடப் பேச்சில் இறங்கி வந்த வடிவில், ‘ஹார்மோன் கோளாறு’ எனப்படுகிறது.

இவ்விரு நோயறிதல்களையும் சங்க அகப்பாடல்களின் வெறியாட்டோடு ஒருசேர வைத்துப் படிக்க இக்கட்டுரை முற்படுகிறது. மூன்றிலும் பெண்ணின் விழைவு (அல்லது விழைவின்மை) பிறரால் பெயரிடப்படுகிறது. பெயரிடும் அந்த நொடியில் அவள் சார்பில் பேசுவோர் யார் என்பதே மூன்றையும் வேறுபடுத்துகிறது. பெண்ணின் பாலியல் நலம் குறித்த தமிழ் உரையாடல் பெரும்பாலும் ‘மூடநம்பிக்கை எதிர் அறிவியல்’ என்ற ஒற்றைக் கோட்டில் நகர்வதால் இவ்வேறுபாடு கவனம் பெறாமல் போயிற்று.

காதலனை விரட்டுதல்

மேல்மலையனூர்த் தெய்வத்தின் தொன்மங்களையும் வழிபாட்டையும் ஈவ்லின் மேயர் 1986இல் வெளியிட்ட நூல் விரிவாகத் தொகுத்தது. பேயோட்டும் சடங்கைப் பெண் விழைவோடு இணைத்துப் படித்தவர் இசபெல் நபகோவ் (பின்னாளில் இசபெல் கிளார்க்-டெசே). தென்னார்க்காட்டின் செஞ்சி வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் களப்பணி செய்த அவர், 1997இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் 2000இல் தமிழ்ச் சடங்குகள் பற்றிய நூலொன்றும் வெளியிட்டார். ‘காதலனை விரட்டி மனைவியை மீட்டல்’ என்னும் பொருள்படும் அக்கட்டுரையின் தலைப்பே அவருடைய முடிவையும் சொல்லிவிடுகிறது.

அவர் காட்டும் சடங்கின் அமைப்பு இது. பேய் என்பது அகால மரணமுற்றவரின் ஆவி. அதிலும் காதல் கைகூடாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞனின் ஆவி. அது பற்றுவது பெரும்பாலும் அண்மையில் மணமான இளம்பெண்ணை. தனித்துச் செல்லும் அவளை அது விரும்பிப் பிடிக்கிறது, தலைமயிரில் குடியேறுகிறது, கணவனிடமிருந்து அவளைப் பிரிக்கிறது. பம்பைக்காரர்கள் பம்பையும் உடுக்கையும் முழக்கிப் பாடி அதனைப் பேசவைக்கின்றனர். உன் பெயர் என்ன, ஊர் எது, எப்படி இறந்தாய், இவளை எங்கே பிடித்தாய், போவதற்கு என்ன வேண்டும் என்று வினவுகின்றனர். பேய் அவளுடைய வாயால் விடையிறுக்கிறது; மறுக்கிறது; வசைபாடுகிறது; பேரம் பேசுகிறது. இறுதியில் அது தங்கியிருந்த மயிர்க்கற்றை அறுக்கப்பட்டுப் புளியமரத்தில் ஆணியால் அறையப்படுகிறது. பெண் வீடு திரும்புகிறாள்.

பேய் பிடித்தல் என்பது ஒடுக்கப்பட்டோர் தம் குறையை வெளிப்படுத்தும் மறைமுக எதிர்ப்பு என்ற கருத்தை ஐ. எம். லூயிசு 1971இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. தமிழிலும் நாட்டார் வழக்காற்றியல் வகுப்பறைகளில் இக்கருத்தே எளிதில் எடுத்தாளப்படுகிறது: பெண் ஆடுகிறாள், அழுகிறாள், அடக்கி வைத்ததைக் கொட்டுகிறாள், இலேசாகிறாள். நபகோவின் வாசிப்பு இதனை மறுக்கிறது. சடங்கு அவளைப் பேசவிடுவது அவள் பேசியதை அவளுடையதல்ல என்று அறிவிப்பதற்காகவே. ‘இவனோடு வாழமாட்டேன்’ என்று அவள் வாய் சொன்னால் அது பேயின் கூற்று. பேய் ஆணியடிக்கப்பட்டபின் அக்கூற்றும் மரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே சடங்கு அவளுடைய தன்னிலைக்கு எதிராகச் செயற்படுகிறது என்பது அவர் துணிபு. இத்துணிபு வலுவானது. பெண் எதிர்ப்பைக் கொண்டாடும் பல வாசிப்புகள், ஆட்டம் முடிந்த மறுநாட் காலையில் அப்பெண் எங்கே இருக்கிறாள் என்று பார்ப்பதில்லை, நபகோவ் பார்க்கிறார்.

ஆயினும் இவ்வாசிப்பில் ஓர் இடைவெளி உண்டு. சடங்கின் முன்முடிபு: அவள் கணவனை விரும்பவில்லையெனில் வேறொருவன் அவளை ஆட்கொண்டிருக்கிறான். நபகோவ் இம்முன்முடிபின் அதிகாரத்தை அம்பலப்படுத்துகிறார். அதன் தருக்கத்தை விட்டு வெளியேறவில்லை. அவருடைய பகுப்பாய்வின் எடை குறியீட்டில் அமைவதால் பேய் ‘காதலன்’ ஆகிறது; நோய் ‘வேறிடத்துச் சென்ற விழைவு’ ஆகிறது. விழைவே எழாத நிலை, விழைவு இருந்தும் உடல் இசையாத நிலை, கூடுதல் வலியாக இருக்கும் நிலை, மணத்திற்குமுன் எவரும் எதுவும் சொல்லித்தராததால் எழும் அச்சம் ஆகியவை அச்சட்டகத்திற்கு வெளியே நிற்கின்றன. கணவனை அணுகவிடாத பெண்ணிடம் முதலில் கேட்கவேண்டிய வினா ‘யார் அவன்’ என்பதா, ‘வலிக்கிறதா’ என்பதா? சடங்கு முதல் வினாவை மட்டுமே அறியும். ஆய்வும் அதனைப் பின்தொடர்ந்தது.

மேல்மலையனூர்த் தலபுராணத்தில் ஒரு முரண் இங்கு நினைவுகூரத்தக்கது. பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த சிவனின் கையில் அக்கபாலம் ஒட்டிக்கொள்ள, அவன் பித்தனாய் அலைகிறான். அங்காளம்மன் மயானத்தில் சோற்றை இறைத்து, உண்ண இறங்கிய கபாலத்தை மிதித்து அவனை விடுவிக்கிறாள். மாசித் திங்களின் மயானக் கொள்ளை இதனை நினைவூட்டுவது. தலபுராணத்தில் பீடிக்கப்பட்டவன் ஆண், விடுவித்தவள் பெண். சடங்குக் களத்தில் இவ்விடங்கள் தலைகீழாயின.

வேலன் அறியாதது

மகளின் மெலிவைக் கண்ட தாய், காரணம் அறியாது கலங்கி, முதுபெண்டிரை வினவுகிறாள். கழங்கிட்டுப் பார்த்து முருகனின் அணங்கு என்கின்றனர். வேலன் வருகிறான், களம் இழைக்கிறான், மறியறுத்துப் பலியிடுகிறான். அகப்பாடல்களில் பலமுறை வரும் இக்காட்சியை முருக வழிபாட்டின் தொன்மைச் சான்றாகவே தமிழாய்வு பெரிதும் பயன்படுத்தியது. அதனை ஒரு தவறான நோயறிதலின் காட்சியாகப் படிப்பது இங்கு பொருந்தும். பாடலைக் கேட்போர் அனைவரும் காரணத்தை அறிவர். தலைவி அறிவாள், தோழி அறிவாள். அறியாதவர் தாயும் வேலனும். நற்றிணை 34ஆம் பாடலில் முருகனே அறியாமை உடையவன் என எள்ளப்படுகிறான். குறுந்தொகை 362இல் தோழி, நீ இடும் பலியை அவளை வருத்திய தலைவனின் மார்பும் உண்ணுமோ என்று வேலனை நேரே கேட்டுவிடுகிறாள். மேல்மலையனூரில் வினாக்கள் பம்பைக்காரரிடமிருந்து பேயை நோக்கிச் செல்கின்றன. குறுந்தொகையில் வினா நோயறிவோனை நோக்கித் திரும்புகிறது.

இவ்வகையில் அகநானூற்று 22ஆம் பாடல் தனித்து நிற்கிறது. அதனைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். இத்துறையைப் பாடியதே அவருக்கு அடைமொழியாயிற்று. வெறியாட்டு நடந்த இரவில் தலைவன் காவலரை ஏமாற்றி இல்லத்திற்கு வருகிறான். அவனைத் தழுவிய தலைவி, தனக்காக வீணே வந்துபோன வேலனை நினைத்துச் சிரித்ததாகக் கூறுகிறாள். தோழியின் வாதத்தைவிட இச்சிரிப்புக்கு ஆய்வு மதிப்பு மிகுதி எனத் தோன்றுகிறது. தன் உடலுக்கு என்ன நேர்ந்தது, எதனால் தணிந்தது என்பதை வேறு எவரைக் காட்டிலும் தான் அறிவாள் என்பதைப் பெண்பாற் புலவர் ஒருவர் பெண்பாற் கூற்றில் பதிந்த இடம் அது.

சங்க மரபைப் பெண் விழைவின் பொற்காலமாக ஆக்கிக்கொள்ள இது போதாது. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் எடுத்துரைத்தல் இல்லை என்பது தொல்காப்பியக் களவியலின் வரையறை. தோழி அறத்தொடு நிற்பதும் தலைவியை அத்தலைவனுக்கே மணமுடிக்கத்தான். அவனை விரும்பாத தலைவி அகத்திணையில் இல்லை. மருதத்தில் மட்டும் ஒரு கதவு உண்டு: ஊடல். பரத்தையிடமிருந்து திரும்பும் கணவனைத் தலைவி மறுக்கலாம். அவள் சார்பில் தோழி வாயில் மறுக்கலாம். மனைவியின் மறுப்பை நோயாகவோ பேயாகவோ கொள்ளாத, காரணமுள்ள செயலாகக் கொண்ட இலக்கணம் அது. அம்மறுப்பும் தணிந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதனுள்ளேயே இருக்கிறது. எனினும் மறுப்புக்கு ஒரு துறைப்பெயர் இருந்தது; பேயின் வாய் தேவைப்படவில்லை.

இன்னொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. அக மரபிலும் குறளின் காமத்துப்பாலிலும் ‘நோய்’ என்பது விழைவு மிக்கு நிறைவேறாத நிலை. பசலை, வளை நெகிழ்தல், உறக்கமின்மை எல்லாம் அதன் மெய்க்குறிகள். இன்றைய மருத்துவத்தில் நோயெனப் பெயர்பெறுவது விழைவின் குறைவு. பெண் மிகுதியாக விரும்பியபோதும் நோயாளி, குறைவாக விரும்பியபோதும் நோயாளி. அளவுகோல் யாருடையது என்பதைப் பெரும்பாலும் உடனிருப்போரின் தேவையே முடிவு செய்கிறது.

இயக்குநீரின் மொழி

‘ஹார்மோன்’ என்னும் சொல்லை எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் அறிமுகப்படுத்தினார். கிளர்த்துவது, இயக்குவது எனப் பொருள்படும் கிரேக்க வினையடியிலிருந்து பிறந்த அதற்கு ‘இயக்குநீர்’ என்ற தமிழாக்கம் மூலத்தோடு பொருந்தியது. அதைவிடச் சுவையானது ‘ஈஸ்ட்ரோஜென்’ என்ற பெயர். அதன் வேரான கிரேக்கச் சொல் கால்நடைகளைக் கொட்டி வெருண்டோடச் செய்யும் ஈயையும், அதனால் எழும் வெறியையும் குறித்தது. பெண்ணுடலின் முதன்மை இயக்குநீருக்கு மேலை அறிவியல் இட்ட பெயரிலும் வெறியாட்டின் நிழல் இருக்கிறது. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘ஹிஸ்டீரியா’ அமெரிக்க உளமருத்துவ நோய்ப்பட்டியலிலிருந்து நீங்கியது 1980இல்தான். பேயைக் கருப்பைக்குள் வைத்துப் பார்த்த மருத்துவத்தின் வரலாறு அவ்வளவு தொலைவில் இல்லை.

இதனால் பம்பையும் ஆய்வுக்கூடமும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. பண்பாட்டு ஆய்வுகளில் அவ்வாறு சமன்செய்யும் பழக்கம் உண்டு. அது பெண்ணுக்கு உதவாது. குழந்தைக்குப் பாலூட்டும் காலத்தில் புரோலாக்டின் உயர்ந்து ஈஸ்ட்ரோஜென் தாழ்வதால் உறுப்பு வறண்டு கூடல் வலிக்கக்கூடும். மாதவிடாய் நின்றபின்னும் அவ்வாறே. கருப்பையோடு சூலகங்களையும் அகற்றினால் ஈஸ்ட்ரோஜென் திடீரென வீழ்வதோடு, பெண்ணுடலிலும் இயல்பாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும் குறைகிறது. தைராய்டுக் குறைவு, மனச்சோர்வு, மனச்சோர்வுக்கான மருந்துகளில் சில ஆகியவையும் விழைவைத் தாழ்த்தலாம். முயலும்போதெல்லாம் தசை இறுகிக் கூடலே இயலாமற்போகும் நிலைக்குப் பயிற்சியும் ஆற்றுப்படுத்தலும் நல்ல பயன் தருகின்றன. இவை எவற்றையும் எந்தப் பேயும் வாய்திறந்து சொல்லாது. வலியை அஞ்சி ஒதுங்கிய பெண்ணின் மயிரை அறுத்து அனுப்பினால் அவள் திரும்புவது அதே வலிக்கு.

ஆனால் ‘ஹார்மோன் கோளாறு’ என்று தொலைக்காட்சியிலும் தெருவிலும் புழங்கும் சொல், மருத்துவ அறிவியல் சொல்வதைச் சொல்லவில்லை. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை குறித்துப் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் 2019இல் வெளியிட்ட இணக்க அறிக்கை, பெண்களில் அதற்குச் சான்றுள்ள ஒரே பயன்பாடு மாதவிடாய் நின்றபின் துன்பம் தரும் அளவில் விழைவு குன்றிய நிலையே என வரையறுத்தது; குருதியில் இயக்குநீர் அளவைக் கொண்டு அந்நிலையைக் கண்டறிய இயலாது என்றும் தெளிவுறுத்தியது. ‘துன்பம்’ என்ற சொல் இங்கு முக்கியம்: அது பெண்ணின் துன்பம். கணவனின் குறைபாடு கூறல் நோய்க்குறி ஆகாது. ரோஸ்மேரி பாசன் 2000இல் முன்வைத்த மாதிரியும் இத்தகையதே. விழைவு முதலில் தானே எழுந்து பின் கூடல் நிகழும் என்ற நேர்கோட்டை அவர் ஏற்கவில்லை. நெருக்கமும் நம்பிக்கையும் இசைவான சூழலும் அமைந்தபின் விழைவு மறுமொழியாக எழுவது பெண்களிடம், குறிப்பாக நீண்ட உறவுகளில், இயல்பே என்றார். ஒரே அறையில் பலர் உறங்கும் வீட்டில், விடியுமுன் எழவேண்டிய பெண்ணுக்கு, நெருக்கமும் சூழலும் எங்கிருந்து வரும் என்ற வினாவை இம்மாதிரி மருத்துவத்திற்குள்ளேயே எழுப்புகிறது. பெண் விழைவுக்கான மருந்தாக அமெரிக்காவில் 2015இல் ஒப்புதல் பெற்ற பிளிபான்செரின், அதற்குமுன் இருமுறை மறுக்கப்பட்டது. முதலில் மனச்சோர்வுக்காக ஆயப்பட்டது. விழைவை ஒரு மாத்திரைக்குள் அடக்கும் முயற்சி மேலை நாட்டிலும் எளிதாக நடந்தேறவில்லை.

ஆக, நடப்புச் சொல்லாடலில் ‘ஹார்மோன்’ பேயின் இடத்தை நிரப்புகிறது. வெளியிலிருந்து வந்தது, எவர்மேலும் குற்றமில்லை, அகற்றினால் மனைவி மீள்வாள். இதில் ஒரு நன்மையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. பேயும் ஹார்மோனும் பெண்ணைப் பழியிலிருந்து விடுவிக்கின்றன. ‘திமிர் பிடித்தவள்’ என்று சொல்லப்படுவதைவிடப் பேய்பிடித்தவள் எனப்படுவது அவளுக்குப் பாதுகாப்பு. ஆனால் அதே சொல்லால் கணவனும் மாமியார் வீடும் வினாவுக்கு வெளியே நின்றுவிடுகின்றனர்.

சொல் இல்லாத இடம்

பெண்கள் தாமே மருத்துவரிடம் எடுத்துச் செல்லும் சொற்கள் எவை? ‘வெள்ளைப்படுது’, ‘உடம்பு சூடு’, ‘அசதி’, ‘இடுப்பு விட்டுப்போகுது’. விழைவு பற்றிப் பேசநேர்ந்தால் ‘அதுல நாட்டமில்ல’ என்ற சுட்டுப்பெயர் போதுமானதாகிறது. வெள்ளைப்படுதல் குறித்து விக்ரம் பட்டேல் முதலியோர் கோவாவில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறையீட்டுக்கு இனப்பெருக்க உறுப்புத் தொற்றுகளைவிட மனச்சோர்வு, வாழ்க்கை நெருக்கடி போன்றவற்றோடு நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. அசதி என்பதையும் வெறும் குறிப்புமொழியாகக் கொள்ளலாகாது. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் குருதிச்சோகை உடையோர் என ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) கூறுகிறது. ஆகவே ‘வெள்ளைப்படுது’ என்பதைக் கேட்கும் காதுக்கு இரு கடமைகள் உள்ளன: அதனை உடல் சார்ந்த கூற்றாகச் சோதித்தல், சொல்லமுடியாத ஒன்றுக்கான வாயிலாகவும் கேட்டல். முதற்கடமையோடு நின்றால் மாத்திரை மட்டும் கிட்டும். இரண்டாவதோடு நின்றால், பண்பாட்டு ஆய்வாளர் பலர் செய்வதுபோல், தொற்றுள்ள பெண்ணைக் குறியீடாக்கி வீட்டுக்கு அனுப்ப நேரும்.

தோழியின் இடம் இங்குதான் வெறுமையாக இருக்கிறது. மகப்பேறு, கருத்தடை, தடுப்பூசி ஆகியவற்றுக்கு ஊர்தோறும் செவிலியர் உள்ளனர். அவற்றுக்கான தமிழ்ச் சொற்களும் பரவிவிட்டன. கூடலில் வலி என்பதைப் பெண் ஒருத்தி கூச்சமின்றிச் சொல்லத்தக்க, வசையாகவும் ஒலிக்காத, பாடநூலாகவும் ஒலிக்காத சொல் இன்னும் நிலைபெறவில்லை. அகத்திணையில் தோழி செய்தது மொழிபெயர்ப்பு: உடலின் குறியைத் தாய்க்கு விளங்கும் காரணமாக மாற்றுதல். அவளும் தலைவியும் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதால்தான் அது கைகூடியது.

தமிழாய்வின் பக்கம் செய்யத்தக்க பணி ஒன்று இருக்கிறது. பேயோட்டுச் சடங்கைப் பதிவுசெய்வோர் பம்பைக்காரரின் பாடலில் ஈர்க்கப்படுவது இயல்பு. அதற்குச் சந்தம் உண்டு, கதை உண்டு, தொகுப்பில் அச்சிட ஏற்ற வடிவம் உண்டு. இடையிடையே சிதறி வரும் பெண்ணின் மறுமொழிகளுக்கு அவ்வடிவம் இல்லை. அரைகுறைத் தொடர்கள், மௌனங்கள், ‘போகமாட்டேன்’ என்ற திரும்பத்திரும்பக் கூறல், கணவன் வீட்டைப் பற்றிய வசை ஆகியவையும் அதே கவனத்தோடு எழுத்தில் பெயர்க்கப்பட வேண்டும். பேயின் கூற்று என்ற தலைப்பை அவற்றுக்கு இடுமுன் அவளிடமே கேட்கவும் வேண்டும். சடங்கின்போது கைப்பேசிகள் அவளைச் சூழ்ந்து படம்பிடிக்கும் இக்காலத்தில் அவளது ஒப்புதலின்றிப் பதிவுசெய்வதும் பரப்புவதும் எளிதாகிவிட்டன. ஆய்வாளர் அவ்வாறு பெற்ற பதிவைச் சான்றாகக் கொள்ளலாகாது. சடங்கு முடிந்து சில திங்கள் கழித்து, அவள் இசைந்தால், பம்பையும் உறவினரும் இல்லாத இடத்தில், அன்று அவள் வாயிலிருந்து வந்த சொற்களை அவளுக்கே படித்துக்காட்டி, இவற்றுள் எவை உன்னுடையவை என்று கேட்கலாம்.